கடைமடைக்கு வந்த மாத்திரை

எண்பத்தைந்தாம் வருசம் ஆற்றுத் தண்ணீர் நடுவாய்க்கரை கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீரை வழியில் இருக்கிற ஊர்களெல்லாம் குடித்துவிட்டு, போனால் போகிறது என்று விட்ட மிச்சம்தான் காரைக்கால் நெரவிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வரும். அதையும் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். இன்றைக்கு மேலத்தெரு வயல், நாளைக்குக் கீழத்தெரு வயல். கடைமடையில் பிறந்தவர்களுக்கு எதையும் முறை வைத்துச் செலவழிக்கிற புத்தி தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. தையல்நாயகிக்கும் வந்திருந்தது. அந்தப் புத்திதான் அவள் தம்பியைக் கொண்டுபோய்க் கம்பிக்குள் வைத்தது என்று ஒரு டாக்டர் சொன்னார். சொன்ன வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும்.

தையல்நாயகி நடவு ஆட்களுக்குத் தலைவி. நாற்பதைத் தாண்டிய வயது, சேற்றில் நின்று நின்று வெளுத்த கால்விரல்கள், அடுத்த ஊருக்குக் கேட்கிற தொண்டை. புருசன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் தம்பி பாலகுருவும்தான். பாலகுருவுக்கு இருபது வயதில் புத்தி கலங்கியது. முதலில் தூக்கம் போனது. பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு வாய்க்காலோடு பேச ஆரம்பித்தான். அவள் நாகூரில் கொண்டுபோய்க் கிடத்தினாள், கோயில் கோயிலாகக் கூட்டிப்போனாள். எல்லைக்கு அந்தாண்டை தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், "நீங்க பாண்டிச்சேரி ஸ்டேட்டு, உங்க ஆஸ்பத்திரியப் பாருங்க" என்று வாசலிலேயே திருப்பினார்கள். மாடு கட்டுகிற சங்கிலியை அவன் காலில் அவளே பூட்டிவிட்டு நடவுக்குப் போனாள், வந்து அவளே அவிழ்த்தாள். அதைச் செய்யாமல் நடவுக்குப் போக முடியாது. நடவுக்குப் போகாமல் அவனுக்குச் சோறு போட முடியாது.

பிறகுதான் பாண்டிச்சேரியிலிருந்து மாதம் ஒருமுறை ஜீப்பில் ஒரு டாக்டர் சுகாதார நிலையத்துக்கு வர ஆரம்பித்தார். வெள்ளை மாத்திரை கொடுத்தார். தினம் ஒன்று என்றார். பொங்கலுக்குக் கொடுக்க ஆரம்பித்தது, ஆடி பிறப்பதற்குள் பாலகுரு தானாக எழுந்து பல் விளக்கினான். ஒருநாள் வரப்பு நண்டு பிடித்து வந்து போட்டு, "கொழம்பு வையிக்கா, மொளகு செத்த தூக்கலா இருக்கட்டும்" என்றான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சங்கிலி மறுபடியும் மாட்டுக்குப் போனது. பாலகுரு மண்வெட்டியைத் தூக்கினான். இரண்டு வருசம் நல்ல மனுசனாக, நாலு பேர் போல இருந்தான்.

இந்த வருசம் சித்திரையோடு ஜீப் நின்றுவிட்டது. பழைய திட்டம் முடிந்துவிட்டதாம். நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாகப் புதிதாக வருகிறதாம். இனிமேல் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கத் தூர தேசம் போக வேண்டாமாம், உள்ளூர் சுகாதார நிலையத்திலேயே எல்லாம் கிடைக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் தகர டப்பாவில் கொஞ்சம் மாத்திரை மிச்சம் இருந்தது. தையல்நாயகி அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாள்.

"மொறத் தண்ணி மாதிரி மொற மாத்திரையாக்கா?" என்று பாலகுருகூடச் சிரித்தான்.

வைகாசி போய் ஆனி வந்ததும் இரண்டு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினாள். ஆவணியில் டப்பா காலி. வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டிய அன்று அவன் மண்வெட்டியோடு போய், பெரிய மிராசு தெட்சிணாமூர்த்தியின் வயல் மடைகளை ஒன்றுவிடாமல் வெட்டிவிட்டான். நின்ற தண்ணீரெல்லாம் கீழே காய்ந்து கிடந்த சில்லறைக் கொல்லைகளுக்கு ஓடியது. ஏனடா என்று கேட்டதற்கு, "தண்ணி அழுவுது. கீழ போவணுங்குது" என்றான். தெட்சிணாமூர்த்தி எழுதிக் கொடுத்தார், போலீஸ் வந்து கட்டித் தூக்கிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை காலையில் தையல்நாயகி ஸ்டேஷனுக்குப் போனபோது பாலகுரு கம்பிக்குள் மூலையில் குந்தியிருந்தான். கணுக்காலில் கயிறு. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும், "தண்ணி வந்துட்டாக்கா?" என்றான்.

"வந்துட்டு தம்பி, வந்துட்டு. நீ சாப்பிட்டியா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான், இவள் தொண்டை திறந்துகொண்டது. ஏட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இந்தாம்மா, கத்தாத! அவன் மேல கேசு ஒண்ணுங் கெடையாது. 'குற்றம் செய்யாத பைத்தியம்'னுதான் எழுதியிருக்கு."

"குத்தம் செய்யலன்னா எதுக்குய்யா கம்பிக்குள்ள வச்சிருக்கீங்க?"

"சட்டம் அப்படி."

"யாரு போட்ட சட்டம்?"

"வெள்ளக்காரன் போட்டது. எனக்கென்ன தெரியும்?"

காரைக்காலை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். இங்கிலீஷ்காரன் தன் ஊர்களுக்காக என்றைக்கோ போட்ட சட்டம், அவனும் போய் இவனும் போன பிறகு, சுதந்திர நாட்டுச் சட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. நோய் வந்தவனைப் பிடித்துத் திருடன் பக்கத்தில் அடைத்து வைப்பதற்கு மட்டும் எந்த ராஜாங்கமும் எந்தத் துவக்கவிழாவுக்கும் காத்திருக்கவில்லை.

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். "இங்க பாரு. திங்கக்கெழம வண்டி வருது. மெட்ராசுக்கு ஏத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி மூணு காரியம் ஆவணும். நீ பொறுப்புன்னு கைநாட்டு வைக்கணும். நெலம் உள்ளவங்க ஒருத்தர் ஜாமீன் போடணும். இங்கயே மருந்து கெடைக்குது, வீட்டுலேயே வச்சுப் பாக்கலாம்னு டாக்டர் எழுதித் தரணும். மூணும் இருந்தா மாஜிஸ்திரேட் வுட்டுடுவாரு."

மெட்ராஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். எழுபத்து மூன்றில் அவள் ஊர் மருதையனை இப்படித்தான் வண்டியில் ஏற்றினார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கொட்டடி என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து யார் போய் விசாரிப்பது? மருதையன் பெண்டாட்டி சின்னப்பிள்ளை, தாலியைப் போட்டுக்கொண்டிருப்பதா கழற்றி வைப்பதா என்று தெரியாமல் இன்றைக்கும் இவள் பக்கத்தில் குனிந்து நடவு நடுகிறாள்.

தையல்நாயகி அங்கிருந்து நேரே சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். கொண்டல் காற்று விழுந்துபோய், இடி இடிக்கப்போகிற புழுக்கம். டாக்டர் தியாகராசன் புதிதாக வந்த இளைஞர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், பிறகு முகத்தைச் சுளித்தார்.

"தினம் ஒண்ணுன்னு சொன்ன மாத்திரைய, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுக்கச் சொல்லி யாரும்மா சொன்னது? நீங்க பண்ணின தப்புதான் இது."

"தப்புதாங்க. இருந்தா தினம் குடுத்திருப்பேன். இல்லாததத் தினமும் எப்படிக் குடுக்குறதுன்னு நீங்க சொல்லிக் குடுங்க, குடுக்குறேன்."

டாக்டர் பேனாவைத் திருகினார். "மருந்து கைவசம் இல்ல. இல்லாதப்ப இங்க வைத்தியம் பாக்கலாம்னு எப்படி எழுதுறது? நாளைக்கு யாராச்சும் கேட்டா என் தலைதான் உருளும்."

அவள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். கம்பவுண்டர் நெய்னா முகம்மது பின்னாலேயே வந்தார். பழைய ஜீப் டாக்டர் காலத்திலிருந்து பாலகுருவுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தவர் அவர்தான்.

"தங்கச்சி, மனசு கேக்கல, சொல்லிப்புடுறேன். மருந்து வந்துட்டு. ஆனியிலேயே வந்துட்டு. ரெண்டு பெட்டி. உள் ரூம்புல சீல் வச்சபடியே கெடக்கு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "வந்துட்டுங்குறீங்க. டாக்டரு இல்லங்குறாரு."

"வந்துட்டு, ஆனா தொடங்கல. புதுத் திட்டம்ல? மேலேருந்து பெரியவங்க வந்து, வெளக்கேத்தி, மொத ஆளுக்குக் கையால குடுத்துத் தொடங்கி வைக்கணுமாம். அதுவரைக்கும் பெட்டியத் தொடக் கூடாதுன்னு ஆர்டரு. ரெண்டு தடவ தேதி குறிச்சாங்க. ஒரு தடவ அவுங்களுக்கு டில்லி மீட்டிங்கு. இன்னொரு தடவ எதுக்குத் தள்ளிப் போச்சுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"ஆனியிலயா, பாய்?"

"ஆமா தங்கச்சி."

ஆனியில்தான் அவள் இரண்டு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, இன்றைக்கா நாளைக்கா என்று விளக்கு முன்னால் நின்ற நேரத்தில், கூப்பிடு தூரத்தில் இரண்டு பெட்டி நிறைய மருந்து, ஒரு பெரிய மனுசருக்கு ஒழிவு கிடைக்கட்டும் என்று காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. யாரையாவது பிடித்துச் சேற்றில் தலைகீழாக நட வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை தெட்சிணாமூர்த்தி வயலில் நடவு. சேறு கலங்கச் சேடை ஓட்டி, பரம்புப் பலகையால் மட்டமடித்துக் கண்ணாடியாகக் கிடந்தது வயல். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் போனால் மாட்டுக்குத்தான் ஆகும். தண்ணீர் முறையும் நாளையோடு அடுத்தவருக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். தலைவி முதல் நாற்று முடியின் கட்டைப் பிரித்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு முதல் நாற்றை ஊன்றுவாள். பெண்கள் குலவை போடுவார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வயலில் கால் வைப்பார்கள். அன்றைக்குத் தையல்நாயகி நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றாள். பெண்களும் அவள் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

குடையோடு வந்த தெட்சிணாமூர்த்தி, "என்ன வேடிக்க? எறங்குங்க!" என்றார்.

"தம்பிக்கு ஜாமீன் கையெழுத்து வேணுங்க, அய்யா."

"நேத்திக்கே சொல்லி அனுப்பிட்டன்ல, முடியாதுன்னு? மடையெல்லாம் வெட்டிவிட்ட பயலுக்கு நானே ஜாமீன் போடணுமா? நல்லாருக்கு நாயம்!"

"நீங்க எழுதிக் குடுத்துதான பிடிச்சாங்க? நீங்களே போட்டாதான் எடுபடும்."

"மொதல்ல நடுங்க. சாயங்காலம் பேசிக்கலாம்."

"மொதல்ல போடுங்க. நடுறோம்."

நடவு வரிசையில் நின்ற காசியம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். அவள் வாய்க்கு மிராசும் ஒன்று, மாடு மேய்க்கிறவனும் ஒன்று. "அய்யா, நாத்து மூஞ்சியப் பாத்தியளா? மஞ்சளடிச்சுக் கெடக்கு. நீங்களும் அம்மாவுமா எறங்குனா பொழுது சாயிறதுக்குள்ள ஒரு மூலையாச்சும் நட்டுப்புடலாம்."

பெண்கள் சிரித்தார்கள். சின்னப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வூட்டு மனுசன ஏத்துனப்ப நாங்க இப்படி நிக்கலங்க. நிக்கணும்னு தோணாமப் போச்சு" என்றாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவள் பேசுகிறவளே இல்லை.

தெட்சிணாமூர்த்தி வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மறுபடியும் வெட்டுனான்னா?"

"நான் மடையக் கட்டுறேன். தண்ணி கீழக் கொல்லைக்குத்தானங்க போச்சு, கடலுக்கா போச்சு?"

அவர் முனகிக்கொண்டே கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தையல்நாயகி அதை வாங்கி மடித்துச் சுருக்குப்பையில் போட்டாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். முதல் நாற்றை ஊன்றியதும் எழுந்த குலவையில் தென்னையில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. சொன்ன சொல் தவறாமல் உச்சிவரை குனிந்த முதுகு நிமிராமல் நட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து பழைய சோற்றைக் கருவாட்டோடு விழுங்கினார்கள். பிறகு காலைக்கூடக் கழுவாமல் அத்தனை பேரும் சுகாதார நிலையத்துக்கு நடந்தார்கள்.

சிமெண்டுத் தரையெல்லாம் சேறு. டாக்டர் தியாகராசன் நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். "என்னம்மா இது? என்ன கூட்டம்?"

"திட்டத்தத் தொடங்கி வைக்க வந்திருக்கோங்க" என்றாள் தையல்நாயகி.

"என்ன?"

"உள்ள பெட்டி இருக்குல்ல. பெரியவங்களுக்கு ஒழிவில்ல. எங்களுக்கு இருக்கு. வருசா வருசம் ஊருக்கே சம்பா தொடங்கி வைக்கிறவுங்க நாங்க. கைராசிக்காரங்க."

"அம்மா, எனக்கு மேல ஆர்டர் இருக்கு. நான் பெட்டியப் பிரிச்சா என் வேல போயிடும்."

"என் தம்பி கம்பிக்குள்ள கெடக்குறான் டாக்டரு. கால்ல கயித்தக் கட்டிப் போட்டிருக்காங்க. நாளன்னிக்கி ஏத்திடுவாங்க. நீங்க படிச்சவுங்க. ஒரு வெளக்க ஏத்தாததுக்காக ஒரு மனுசன வண்டியில ஏத்துறது எந்த வைத்தியம்னு எனக்குச் சொல்லுங்க. நான் கேட்டுட்டுப் போயிடுறேன்."

நெய்னா முகம்மது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டாக்டர் சார், நீங்க சாப்பிடப் போற நேரமாச்சு. நீங்க இல்லாதப்ப நடந்ததுன்னு நானே எழுதிக் குடுத்துடுறேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் சர்வீசு."

டாக்டர் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். போகவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தையல்நாயகி சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அறையில் எலிப்புழுக்கை நாற்றம். இரண்டு பெட்டியும் தூசி படிந்து ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. இடுப்பில் செருகியிருந்த கருக்கரிவாளால் அரக்கு முத்திரையை அறுத்தாள். பழக்கதோசத்தில் கிழக்கே திரும்பிக் கும்பிட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். ஊசிக்குக் காத்திருந்த குழந்தைகள் அலறின. அந்தக் குலவையில் மங்கலம் ஒன்றும் இல்லை, அத்தனையும் ஆத்திரம்.

"இப்ப மருந்து இருக்குல்லங்க?" என்று டப்பாவை டாக்டர் முன்னால் வைத்தாள். "எழுதுங்க."

அவர் எழுதினார். வாசலுக்கு வந்து, "தினம் ஒண்ணு குடுங்கம்மா" என்றார். கொஞ்சம் தயங்கி, "தீர்றதுக்கு முன்னாடியே வந்து கேளுங்க" என்றார்.

திங்கட்கிழமை வண்டி ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும்போது, மாஜிஸ்திரேட் உத்தரவோடு தையல்நாயகி பாலகுருவின் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஏட்டுதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், மாத்திரை விழுங்க.

கார்த்திகை மழை ஓய்வதற்குள் பாலகுரு தெளிந்தான். கன்னத்து வீக்கம் வடிந்து, கணுக்காலில் தழும்பு மட்டும் நின்றது. தெட்சிணாமூர்த்தி வயலுக்கே களை பார்க்கப் போனான். பெட்டியில் மருந்தும் வடிந்துகொண்டே வந்தது. பாலகுரு மாதிரி சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் சங்கிலியில் கிடந்தார்கள் என்பது, நெய்னா முகம்மது கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. பெட்டியைப் பிரித்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. மருந்து கேட்டு இவர் போட்ட காகிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை.

"விழாவுக்கு வர்றப்ப கொண்டாந்துடுவாங்க தங்கச்சி" என்றார் அவர். அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

மார்கழிக் கடைசியில் விழா வந்தேவிட்டது. சுகாதார நிலையத்து வாசலில் பந்தல், வாழைமரம், குழாய் ரேடியோ. மனநல வைத்தியம் இனி மக்களின் வாசற்படியில் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மேடையில் பெரிய மனுசரும் அதிகாரிகளும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பயனாளி பாலகுரு. சலவைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். வீட்டு டப்பாவில் அடிமட்டத்தில் கொஞ்சம் மாத்திரைதான் கிடந்ததை அவனும் பார்த்திருந்தான். இந்தத் தடவை முறை வைக்க வேண்டியிருக்காது என்று காலையில் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

விளக்கேற்றினார்கள். பேசினார்கள், பேசினார்கள், வெயில் உச்சிக்கு வந்த பிறகும் பேசினார்கள். கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாலகுரு மேடை ஏறிக் கும்பிட்டான். பெரிய மனுசர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளை உறையை நீட்டினார். போட்டோக்காரன் இன்னொரு தடவை என்றான், இன்னொரு தடவை நீட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

பாலகுரு இறங்கவில்லை. அங்கேயே நின்று உறையைப் பிரித்தான். உள்ளே விரலை விட்டுப் பார்த்தான், கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் அவன் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது.

"இதுல மாத்திர இல்லீங்களே."

பெரிய மனுசரின் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த அதிகாரி சட்டென்று குனிந்து அவர் காதில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மைக் அதையும் வாங்கிக்கொண்டது.

"இன்னும் முழுசாத் தெளியல, சார்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் மேடைப் படிக்கு வந்தார்கள். பாலகுருவின் கண் அவர்கள் கையில் இருந்த தடிக்குப் போனது, பிறகு தன் கணுக்காலுக்குப் போனது. பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தையல்நாயகி படி ஏறினாள். தம்பி கையில் இருந்த உறையை வாங்கி, அதன் வாயைப் பிளந்து, மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டிக்கொண்டே போனாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"அவன் தெளிஞ்சுதாய்யா இருக்கான்" என்றாள். "பிரிச்சுப் பாத்தாம்ல. ஒங்கள்ல ஒருத்தராச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா?"